டெப்பில் கலைத்து, கன்வஸில் அச்சடித்து, மேலே கையால் தீட்டினால் அது ஓவியம்தானா?

வணக்கம் தம்பி. எந்த அப் நல்லது, திருகோணமலையில் கன்வஸ் அச்சடிக்க எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் நடுவில் இன்னொரு வரி கிடக்கிறது. உங்கள் அக்ரிலிக் ஓவியத்தைப் போனில் படம் எடுத்து, டெப்பில் (டெப்லட்டில்) துண்டு துண்டாக்கிக் கலைத்து, கன்வஸில் அச்செடுத்து, அதன் மேல் திரும்பவும் கையால் தீட்டிய ஒன்றைக் கண்காட்சியில் வைத்தீர்கள், ஒரு பெரியவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது பிரிண்ட்தானே, என்னத்துக்கு இந்த விலை?" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புக்கும் கடைக்கும் பெயர் தேடி யாரும் இரவு ஒன்றரை மணிக்குக் கேள்வி எழுதுவதில்லை. நான் செய்வது ஓவியமா, ஏமாற்றா என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். மை, துணி, விலை எல்லாம் பிறகு.

என் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே அளந்துகொள்வதற்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் ஓவியம் படித்துப் பட்டம் வாங்கியவனில்லை. பதினாறு வயதில் மத்திய வீதியில் போர்ட் எழுதும் ஒரு மாஸ்டரிடம் கையாளாகச் சேர்ந்தேன். பலகைக்கு அண்டர்கோட் அடிப்பது, நூல் தட்டுவது, சின்னப் படத்தில் கட்டம் கீறிப் பெரிய தகரத்தில் பெருப்பிப்பது என்று ஐந்து வருடம். பிறகு பிளெக்ஸ் வந்தது. மாஸ்டரின் எழுத்துக்கு ஒரு கிழமை காத்திருந்த கடைக்காரர்கள் ஒரு மணித்தியாலத்தில் போர்டைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். மாஸ்டர் வள்ளங்களுக்குப் பெயர் எழுதப் போனார். நான் பிளெக்ஸ் கடையிலேயே கொம்பியூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன், எட்டு வருடம். அரூப ஓவியம், அதாவது ஆள், மரம் என்று உருவம் எதையும் காட்டாமல் நிறமும் கோடுமாக நிற்கும் ஓவியம், எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. மாஸ்டரைப் பார்க்கத் திருக்கடலூர்க் கரைக்குப் போகும் நாட்களில் பழைய வள்ளங்களைக் கவிழ்த்துப்போட்டுச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். பச்சைக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே வெளிறிய நீலம், அதற்கும் கீழே மரம். எத்தனையோ வருடம் எத்தனையோ பேர் பூசியது ஒரே நேரத்தில் வெளியே வரும். அதைத்தான் இருபது வருடமாக வரைந்துகொண்டிருக்கிறேன். முதல் ஒன்பது வருடம் கையால் மட்டும், பிந்திய பதினொரு வருடம் கையும் பிரிண்டருமாக.

கையால் செய்தால் கலை, மெஷினால் செய்தால் கலை இல்லை என்ற கணக்கை நான் ஏற்கமாட்டேன். என் கை ஐந்து வருடம் மெஷினாக இருந்தது. ஒரே குளிர்பான எழுத்தை நூறு தடவைக்கு மேல் கையால் எழுதியிருக்கிறேன். முதலாவதுக்கும் நூறாவதுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது என்பதுதான் வேலையே. அதில் கை மட்டும்தான் இருந்தது. ஆகவே கை எவ்வளவு, மெஷின் எவ்வளவு என்று வீதம் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. நான் பார்ப்பது வேறு. உங்கள் டெப்பில் பின்னோக்கி வளைந்த ஒரு அம்புக்குறி இருக்கிறதே, செய்ததை அழித்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவது, அதைத்தான் பார்க்கிறேன். அது இருக்கும் வரைக்கும் எந்த முடிவுக்கும் விலை இல்லை. நாற்பது பதிப்புச் சேமித்து வைப்பீர்கள், ஒன்றையும் தெரிவு செய்திருக்க மாட்டீர்கள். கன்வஸில் ஒரு பிழையான நீலத்தை இழுத்துவிட்டால் அதோடு வாழ வேண்டும்: மூடலாம், சுரண்டலாம், ஆனால் அடையாளம் நிற்கும். எந்த வரிசையில் வேலை செய்தாலும், திரும்பிப் போக முடியாத ஒரு கட்டம் வேண்டும், படம் படமாவது அந்தக் கட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வேலையை இப்படிச் சோதித்துப் பாருங்கள். கையால் போட்ட படையை மனதில் நீக்கிவிடுங்கள். மிஞ்சும் அச்சு ஏறத்தாழ அதே படமாக இருந்தால் பெரியவர் சொன்னது சரி. அப்படியென்றால், ஓவியம் மாதிரித் தடவத் தோன்றட்டும் என்று அச்சுக்கு மேல் சொரசொரப்புப் பூசியிருக்கிறீர்கள். வெளிநாட்டில் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள்: அச்சடித்த படத்தின் மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்துவிட்டால் தூரத்தில் தைலவண்ணம் மாதிரி இருக்கும். கைப்படையை நீக்கினால் படம் விழுந்துவிடும் என்றால் பெரியவர் சொன்னது பிழை, நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அப்போது டெப் செத்துக் கிடந்தது. அச்சடித்து வைத்திருந்த ஆறு கன்வஸில் மெழுகுதிரி வெளிச்சத்தில் தீட்டினேன். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் எல்லாம் வெளிறித் தெரியும், கை தானாகக் கூடுதலாக அள்ளும். விடிந்து பார்த்தால் மஞ்சள் கத்துகிறது. இரண்டு படம் பிழைத்தது, நாலு போச்சு.

இது இன்று முளைத்த சண்டை இல்லை. ஹரோல்ட் கோஹன் என்ற ஓவியர் 1970களிலேயே ஆரன் என்று ஒரு கொம்பியூட்டர் நிரலை எழுதத் தொடங்கி, அது கீறிய கோடுகளுக்குத் தன் கையால் நிறம் தீட்டினார். வேரா மொல்னார் பாரிஸில் 1968 இல் கொம்பியூட்டரைத் தொடுவதற்கு முன்பே, மனதில் ஒரு மெஷினைக் கற்பனை செய்து, அதற்கு விதி எழுதி, அந்த விதிப்படி கையால் வரைந்துகொண்டிருந்தார். ஜேர்மனியில் ஆல்பேர்ட் ஊலன் 1990களில், அந்தக் காலக் கொம்பியூட்டரின் படிக்கட்டு மாதிரியான கோடுகளைப் பெரிதாகக் கன்வஸில் ஏற்றி மேலே தீட்டினார். உங்கள் வழிக்குக் கிட்ட வருபவர் அவர்தான். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது ஜேர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2011 இல் செய்ததை. தான் 1990 இல் தீட்டிய ஒரு அரூப ஓவியத்தின் படத்தை எடுத்து, நெடுக்காக இரண்டாக வெட்டினார், பிறகு நாலு, எட்டு, பதினாறு என்று பன்னிரண்டு தடவை, 4096 கீற்று வரும் வரைக்கும். அந்தக் கீற்றுகளைக் கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பித் திருப்பி அடுக்கி, மீற்றர்க் கணக்கில் நீளும் நிறக் கோடுகளாக அச்சடித்தார். மேலே தூரிகை படவே இல்லை. என் விதிப்படி பார்த்தால் அது தோற்க வேண்டும். தோற்றதாக எனக்கும் தெரியவில்லை. பாதியாக்கு, திரும்பப் பாதியாக்கு என்ற ஒரே விதிக்குத் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டதால் அவருக்கும் பின்னோக்கி அம்பு உதவியிருக்காது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது முழுச் சமாதானம் இல்லை. ஆகவே என் விதியை எல்லாருக்குமான சட்டமாக எடுக்க வேண்டாம். அது என் கைக்கு நான் போட்ட வேலி. (பெரியவரின் அடுத்த கேள்வி "எங்கட ஊருக்கு அரூபம் எதுக்கு?" என்று வந்தால், கொழும்பில் 1943 இல் தொடங்கிய 43 குழு என்ற ஓவியர் கூட்டத்தையும் அதிலிருந்த அரூப ஓவியர் ஜோர்ஜ் கிளாசனையும் சொல்லுங்கள். இலங்கையில் அரூபத்துக்கும் வயது கொஞ்சமில்லை.)

இனி எனக்கு உறுதியாகத் தெரிந்த பக்கத்துக்கு வருகிறேன். வெள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். டெப்பில் வெள்ளை என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்று விளக்கும் முழுதாக எரியும் இடம், மூன்றுக்கும் உச்ச அளவான 255. அதே படத்தைச் சாதாரண கன்வஸ் பிரிண்டருக்கு அனுப்பினால் வெள்ளை என்பது மை விழாத இடம். அந்த மெஷினில் வெள்ளை மையே கிடையாது. அங்கே நீங்கள் பார்ப்பது துணியின் பூச்சை. கையால் தீட்டும்போதுதான் வெள்ளை ஒரு பொருளாகிறது, மேலே ஏறி நிற்கிறது: டைட்டேனியம் டையொக்சைட். அதன் பிறப்பிடம் எங்களுக்குத் தூரமில்லை. புல்மோட்டைக் கரையில் கறுப்பு மண் இருக்கிறதே, அது இல்மனைட். இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த தாது. அதிலிருந்து இரும்பைப் பிரித்து எடுத்தால் கிடைப்பதுதான் இன்றைக்குப் பெயின்ட்காரர்கள் எல்லாரும் பாவிக்கும் வெள்ளை. கறுப்பாகக் கப்பலேற்றி அனுப்புகிறோம், வெள்ளையாக டியூபில் விலை கொடுத்து வாங்குகிறோம். என் டியூபில் இருப்பது புல்மோட்டை மண்தான் என்று சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் அதைப் பிதுக்கும்போது அந்தக் கரை நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

இந்த வெள்ளைகளைக் கலந்து வைப்பதில்தான் புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பளீரென்று இருக்கும் கன்வஸ்களில் பெரும்பாலும் சலவைத்தூளில் இருப்பதைப் போன்ற ஒளிர்பொருள் சேர்த்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பிக் கொடுப்பதால்தான் அந்தப் பளீர். அது வருடக்கணக்கில் களைத்துப்போகும், துணி மெல்ல மஞ்சளோடும். மேலே போட்ட டைட்டேனியம் வெள்ளை அப்படியே நிற்கும். வாங்கிய நாளில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு வெள்ளையும் பிறகு தேமல் மாதிரிப் பிரிந்து தெரியும். ஆகவே வெள்ளை வரவேண்டிய இடத்தை நான் அச்சில் வெள்ளையாக விடுவதே இல்லை. சாம்பலாகவோ மங்கிய மண்நிறமாகவோ அச்சடித்து, வெள்ளையைக் கையால் ஏற்றுகிறேன். நான் முதலில் சொன்ன சோதனையும் அதோடு தீர்ந்துவிடுகிறது: அந்தக் கை இல்லாவிட்டால் படத்தில் வெளிச்சமே இல்லை. நிறங்களிலும் இதே தந்திரம்தான். நிலாவெளிக் கடல் காலை பத்து மணிக்குக் காட்டும் பச்சைநீலம் டெப்பில் வரும், அச்சில் வராது. திரை வெளிச்சத்தை அனுப்புகிறது, மை வெளிச்சத்தை விழுங்குகிறது. திரையில் உள்ள சில பளிச்சென்ற நீலங்களுக்கும் பச்சைகளுக்கும் மையில் இடமே இல்லை. கடைப் பையனோடு சண்டை பிடிக்காதீர்கள். மங்கலாகவே அச்சடிக்கச் சொல்லி, அந்த நிறத்தை, தாலோ நீலம் என்ற அக்ரிலிக் பெயின்டைத் தண்ணியாகக் கரைத்து நீங்களே மேலே கொண்டுவாருங்கள்.

நான் அவமானப்பட்ட கதை ஒன்று. ஆரம்பத்தில் இரண்டு வேலையைப் பிளெக்ஸில் அடித்து மேலே அக்ரிலிக் போட்டேன். மலிவு, மெஷினும் கையில். உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதிக்காரர் வாங்கி வரவேற்பறையில் மாட்டினார். அடுத்த கச்சான் காலத்தில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பெயின்ட் வெங்காயத் தோல் மாதிரிச் சுருண்டு நிற்கிறது, விரலால் இழுத்தால் ஒரு முழத்துக்கு உரிகிறது. பிளெக்ஸ் என்பது பிவிசி. அது வளைய வேண்டும் என்பதற்காக எண்ணெய் மாதிரி ஒரு மென்மையாக்கி சேர்த்திருப்பார்கள். வெக்கையில் அது மேலே கசிந்து பெயின்டின் பிடியைக் கழற்றிவிடும். எட்டு வருடம் பிளெக்ஸோடு புழங்கியவனுக்கு இது முதலே தெரிந்திருக்க வேண்டும். காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் தேத்தண்ணி தந்து அனுப்பினார், அதுதான் கூடச் சுட்டது.

ஆகவே பிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தியோ பருத்திக் கலப்போ உள்ள, அச்சுக்கென்று பூச்சுப் போட்ட கன்வஸ்தான். மையில் மூன்று வகை உங்களுக்குக் கிடைக்கும். சாய மை வீட்டு பிரிண்டர்கள் பலவற்றில் இருப்பது. ஈரம் பட்டால் ஓடும், வெயிலில் கெதியாக வெளிறும், அதன் மேல் அக்ரிலிக் போட்டால் நீலம் வெள்ளைக்குள் ஊறி வரும். பிக்மென்ட் மை அப்படியில்லை, நிறத்தூள் துணியின் மேல் உட்காரும், வெளிச்சத்தையும் நன்றாகத் தாங்கும். போர்ட் கடைகளில் இருப்பது பெரும்பாலும் எக்கோ சொல்வன்ட், தண்ணீருக்குப் பதில் ஆவியாகும் கரைப்பானில் கலந்த மை. தண்ணீருக்கு அசையாது, ஆனால் அதன் ஆவி முழுதாகப் போகும் முன் மேலே பெயின்ட் போட்டால் பிடி சரிவராது. நான் சுருட்டாமல் தொங்கவிட்டு ஒரு கிழமை பார்ப்பேன். வாடைக்காற்றுக் காலத்தில் இன்னும் இரண்டு நாள். எந்த மையாக இருந்தாலும் கைவேலைக்கு முன் தெளிப்பு வார்னிஷ் மெல்லிதாக இரண்டு தடவை அடியுங்கள், தூரிகையால் அல்ல, தூரிகை மையை இழுக்கும். அதன் மேல் மெட் மீடியம் (பளபளப்பில்லாத, நிறமில்லாத அக்ரிலிக் பூச்சு) ஒரு படை. பளபளப்பு மீடியத்தில் அடுத்த பெயின்ட் வழுக்கும்.

படம் எடுப்பதில் பெரிய வித்தை இல்லை. நேர் வெயிலும் வேண்டாம், பிளாஷும் வேண்டாம். மப்பான காலை, வடக்குப் பார்த்த திண்ணை போதும். போனின் அகல லென்ஸ் ஓரங்களை வளைக்கும் என்பதால் பின்னால் தள்ளி நின்று இரண்டு மடங்கில் எடுங்கள். அளவைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்: 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000க்கு 3000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்டால் அது 13 அங்குலத்துக்கு 10 அங்குலம்தான் வரும். 150 என்றால் 26க்கு 20. கண்காட்சி அளவுக்கு 150 போதாது என்பார்கள். நீங்கள் மேலே தீட்டப் போகிறவர், உங்களுக்குப் போதும். அதைவிடப் பெரிதாக வேண்டுமென்றால் ஓவியத்தை நாலு பகுதியாக எடுத்து ஒட்டுங்கள். அப் கேட்டீர்களே: படைகளாக வேலை செய்யவும், கோப்பைச் சுருக்காமல் வெளியே எடுக்கவும் விடுகிற எதுவும் சரி. கிரிட்டா இலவசம். எனக்கு அது காணும்.

இந்தக் கலப்பு வேலை எத்தனை வருடம் நிற்கும் என்பதில் மட்டும் நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். மைக் கம்பனிகள் சொல்லும் வருடக் கணக்கு, ஆய்வுகூடத்தில் கடும் வெளிச்சத்தைக் குறுகிய காலம் காட்டி நீட்டிப் பார்த்தது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் படத்துக்கு அது பொருந்தலாம். எங்கள் உப்புக் காற்றுக்கும் மாரிக் குளிர்ப்புக்கும் பூஞ்சணத்துக்கும் யார் சோதித்தார்கள்? என்னிடம் உள்ள மிகப் பழையதுக்குப் பதினொரு வயது. நிறம் நிற்கிறது, பின்பக்கத் துணியில் ஒரு முறை பூஞ்சணம் பிடித்தது. சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போக ஒரு அங்குலக் கட்டை வைத்த பிறகு திரும்ப வரவில்லை.

விலையையும் பெயரையும் பற்றி. 1991 இல் கலிபோர்னியாவில் ஜாக் டுகான் என்ற அச்சுக்காரர், இங்க்ஜெட் பிரிண்ட் என்று சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்பதால் ஜிக்லே என்று ஒரு பெயரை வைத்தார். பீச்சியடிப்பது என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து. பெயர் நல்லாய்த்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் ஊரில் அதைப் போட்டால் வாங்குபவர் ஏதோ மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். படத்துக்குக் கீழே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: "கன்வஸில் பிக்மென்ட் மை அச்சு, மேலே அக்ரிலிக், ஒரே பிரதி". ஒரே அச்சை எடுத்து ஐந்தில் ஐந்து விதமாகத் தீட்டினால் அதையும் எழுதுங்கள். மேலே ஒன்றும் தீட்டாத அச்சு என்றால் மொத்தம் எத்தனை என்று முதலே தீர்மானித்து, 3/10 என்று இலக்கம் போட்டுக் கையெழுத்திட்டு, பதினோராவதை அடிக்காமல் இருங்கள். நான் அச்சை மட்டும் விற்றால் முழுக் கைவேலை விலையில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் போடுவேன். கலப்பு வேலைக்கு முழு விலை. அன்றைக்கு உங்கள் படத்துக்குக் கீழே "அக்ரிலிக்" என்று மட்டும் எழுதியிருந்தால், பெரியவரின் கோபத்தில் பாதி அதற்கானது. சட்டத்தில் நான் தேர்ந்தவனில்லை, பெரிய ஒப்பந்தம் வந்தால் சட்டத்தரணியைக் கேளுங்கள். இவ்வளவு தெரியும்: 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் படத்தை ஆக்கிய உடனேயே உரிமை உங்களுடையது, பதிவு தேவையில்லை, உங்களுக்குப் பிறகும் 70 வருடம் நிற்கும். கன்வஸை விற்றால் அதை அச்சடிக்கும் உரிமையையும் விற்றதாகாது, எழுத்தில் கொடுத்தால் ஒழிய. விடுதிக்காரர்கள் சிலர் படத்தை வாங்கி, ரீசேட்டில் போட்டு விற்பார்கள். கவனம்.

செயற்கை நுண்ணறிவில் வரையச் சொல்லி அதன் மேல் தீட்டலாமா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தேன். கேட்டது வந்தது, அதுதான் எனக்குப் பிரச்சினை. சுரண்டிய வள்ளத்தில் நான் கேட்காததுதான் வரும். முழுக்க மெஷினே ஆக்கிய படத்துக்குக் காப்புரிமை இல்லை என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 பங்குனியில் சொல்லியிருக்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் பெயர் சொல்லமாட்டேன், எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். போகும்போது வெட்டி மிஞ்சிய கன்வஸ் துண்டில் ஆறு அங்குலத்துக்கு உங்கள் படத்தின் கறுப்பும் நீலமும் உள்ள மூலையை மட்டும் அடித்துத் தரச் சொல்லுங்கள், அதற்குக் காசும் கொடுங்கள். அங்கேயே விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். விரல் நீலமானால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். ஆகாவிட்டால் அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை மேற்கு ஜன்னலிலும் மற்றதை அலுமாரிக்குள்ளும் வையுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து இங்கேயே போடுங்கள், நானும் பார்க்க வேண்டும்.